எர்த் பின்ன வெட்டாம ஹம்மிங்க நிறுத்துறது எப்படி? வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

இந்தத் தடவ வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே சமாச்சாரம், ஆம்ப்ளிபையர்ல உம்ம்ம்னு ஹம்மிங் வருது என்ன பண்றதுன்னு. அதுனால ரேடியோ ரிப்பேர், டிவி பேனல் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிறேன், ஏன்னா ரெண்டு மூணு பேர் எழுதியிருக்கத படிச்சா மனசு பதறுது.

அண்ணே, வீட்டுல அசெம்பிள் பண்ணுன 5.1 ஆம்ப்ளிபையர் வச்சிருக்கேன். செட்டாப் பாக்ஸ்ல இருந்து ஏவி கார்டு ஒயர சொருகுனாலே உம்முனு ஹம்மிங், உருவுனா நின்னுடுது. பக்கத்துல ஒரு மெக்கானிக் வந்து பார்த்துட்டு மூணு பின் பிளக்குல எர்த் பின்ன வெட்டிட்டாரு, சத்தம் சுத்தமா நின்னுருச்சு. இது சரிதானா? இல்ல பின்னால ஏதும் கோளாறு வருமா? (திருமங்கலம் வாசகர்)

தம்பி, மொதல்ல வேற பிளக்கு மாத்துங்க. இத படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே மாத்துனாலும் நல்லது.

சத்தம் நின்னது உண்மைதான், ஏன் நின்னுச்சுன்னு சொல்றேன். உங்க ஆம்ப்ளிபையர் சேசிஸ், அதாவது தகரப் பெட்டி, மூணு பின் வழியா உங்க வீட்டு எர்த் குழியில போய் சேருது. செட்டாப் பாக்ஸுக்கு ரெண்டு பின் அடாப்டர்தான், அதுக்கு வீட்டு எர்த் கிடையாது, ஆனா அதுக்குள்ள வர்ற கேபிள் டிவி ஒயர் இருக்கே, அதோட மேல் வலை தெருவுல கேபிள்காரங்க பூஸ்டர் வரைக்கும் போகுது, அங்க அது வேற எங்கயோ ஒரு இடத்துல எர்த்த தொட்டுக்கிட்டு இருக்கும். ஆக ரெண்டு எர்த்து. இந்த ரெண்டு எர்த்தும் ஒரே மட்டத்துல இருக்காது, ரெண்டு கண்மாய் வேற வேற மட்டத்துல நிக்கிறப்ப நடுவுல வாய்க்கா வெட்டுனா தண்ணி ஓடுமே, அதே மாதிரி நீங்க ஏவி கார்டு சொருகுன ஒடனே அந்த கார்டோட ஷீல்டு, அதாவது மேல் வலை வழியா மெயின் லைனோட 50 ஹெர்ட்ஸ் கரண்ட் கொஞ்சமா ஓட ஆரம்பிச்சுடுது. இதுக்குத்தான் கிரவுண்ட் லூப்னு பேரு.

கொஞ்சூண்டு கரண்டு தான, அதுக்கு ஏன் இம்புட்டு சத்தம்னு கேப்பீங்க. கணக்கு போட்டு பாருங்க. ஷீல்டோட ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம்னு வைங்க, அதுல 10 மில்லிஆம்ப் ஓடுனா 1 மில்லிவோல்ட் நிக்கும். ஏவி கார்டுல ஷீல்டு தான் பாட்டு திரும்பி வர்ற பாதையும், அதுனால அந்த 1 மில்லிவோல்ட் நேரா பாட்டோட சேர்ந்துடும். செட்டாப் பாக்ஸ் குடுக்குற பாட்டு சுமார் 300 மில்லிவோல்ட். அப்ப ஹம்மிங் பாட்ட விட 50 டெசிபல் தான் கீழ இருக்கு, ராத்திரி வசனம் இல்லாத சீன்ல நல்லாவே கேக்கும், அதுலயும் சப் ஊஃபர்ல பேஸ்ஸ தூக்கி வச்சிருந்தீங்கன்னா சொல்லவே வேணாம்.

எர்த் பின்ன வெட்டுனதும் இந்த வட்டம் ஒடஞ்சு போச்சு, ஹம்மிங் நின்னுச்சு. ஆனா வெட்டுனது தப்பான எடத்துல. உள்ள இருக்குற டிரான்ஸ்பார்மர்ல பிரைமரி (230 வோல்ட் வர்ற சுத்து) இன்சுலேஷன் என்னைக்காவது எரிஞ்சு சேசிஸ தொட்டுச்சுன்னு வைங்க, எர்த் இருந்தா அந்த கரண்ட் எர்த் வழியா ஓடி பியூஸ் போகும், ஆர்சிசிபின்னு கரண்ட் கசிஞ்சா தானா விழுற சுவிட்ச் இருந்தா அதுக்கும் முன்னாடியே 30 மில்லிஆம்ப்லயே விழுந்துடும், நீங்க ஆள் தப்பிச்சீங்க. எர்த் இல்லைன்னா சேசிஸ் முழுக்க 230 வோல்ட் நிக்கும், பாட்டும் ஜோரா பாடிக்கிட்டு இருக்கும், யாருக்கும் தெரியாது. ஏவி கார்டு ஷீல்டு வழியா அதே 230 வோல்ட் செட்டாப் பாக்ஸுக்கும் போகும், எச்டிஎம்ஐ ஒயர் இருந்தா டிவிக்கும் போகும், கேபிள் ஒயர் வழியா வெளிய தெருவுக்கே போகும். குளிச்சுட்டு ஈரக்காலோட டைல்ஸ் தரையில நின்னு ஒரு புள்ள வால்யூம் நாப்ப தொட்டா என்ன ஆகும்னு நெனைச்சு பாருங்க. மூணு பின்ல எர்த் பின்ன மட்டும் நீளமா செஞ்சிருக்காங்களே, சொருகுறப்ப அது மொதல்ல தொடணும், உருவுறப்ப அது கடைசியா விடணும்னு தான் அப்படி செஞ்சிருக்காங்க. அம்புட்டு யோசிச்சு வச்சத ஒரு கட்டிங் பிளேயர்ல வெட்டிப் போடுறது எனக்கு ஒத்துக்கவே முடியல.

இப்ப சரி பண்ற வழி. புது பிளக்கு போட்டு எர்த்த திருப்பி குடுங்க, ஹம்மிங் திரும்ப வரும், வரட்டும். ஆம்ப்ளிபையர் பாட்டுக்கு ஓடட்டும், செட்டாப் பாக்ஸ் பின்னாடி திருகியிருக்குற கேபிள் ஒயர மட்டும் கழட்டுங்க. படம் போயிடும், பரவால்ல, ஹம்மிங் நின்னுச்சான்னு மட்டும் கேளுங்க. நின்னுச்சுன்னா திருடன் அந்த ஒயர் வழியா தான் வர்றான். அந்த எடத்துல ஒரு கேபிள் ஐசொலேட்டர் போட்டா போதும், சின்ன உருளை மாதிரி இருக்கும், உள்ள கெப்பாசிட்டர் இருக்கும், டிவி சிக்னல விடும், 50 ஹெர்ட்ஸ விடாது. ஒண்ணு கவனிங்க, உங்களது டிஷ் ஆன்டெனான்னா இது ஆகாது, ஏன்னா மொட்டை மாடி டிஷ்ல சிக்னல் வாங்குற எல்என்பிக்கு கரண்டே அந்த ஒயர் வழியா தான் போகுது, 13 இல்லைன்னா 18 வோல்ட், ஐசொலேட்டர் அத மறிச்சுடும். அப்ப ஏவி கார்டு பக்கம் தான் லூப்ப ஒடைக்கணும், நடுவுல ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போடணும். செட்டாப் பாக்ஸ்லயோ டிவிலயோ ஆப்டிகல் அவுட் இருந்தா இன்னும் நல்லது, வெளிச்சத்துல தான் பாட்டு போகுது, செம்பு இணைப்பே இல்ல, லூப்புக்கு வழியே கிடையாது, சின்னதா ஒரு ஆப்டிகல் கன்வர்ட்டர் வாங்கி ஆம்ப்ளிபையர் பக்கம் வச்சுக்கங்க.

ஊருக்கு ஊர் சவுண்ட் சர்வீஸ் பண்றோம்ணே. கூம்பு குழாய் கட்டுன காலத்துல எங்களுக்கு ஹம்மிங்னா என்னன்னே தெரியாது. இப்ப பாக்ஸும் சப்பும் எறக்குனதுல இருந்து ஒவ்வொரு கோயில் கொடைக்கும் ஹம்மிங் தான். மிக்ஸர மேடைக்கு எதிர்ல ஒரு வீட்டுத் திண்ணையில வச்சு அந்த வீட்டு லைன்ல ஓட்டுறோம், ஆம்ப்ளிபையர் மேடைக்கு பின்னாடி ஜெனரேட்டர்ல. சீரியல் செட் போட்டா இன்னும் ட்ர்ர்ருனு வருது. ஆம்ப்ளிபையர மாத்தணுமா? (உசிலம்பட்டி பக்கத்து கிராமத்துல இருந்து)

ஆம்ப்ளிபையர் மேல குத்தமே இல்ல, காச வீணாக்காதீங்க.

கூம்பு குழாய்ல ஹம்மிங் இல்லாம இல்ல, குழாய்க்கு அத பாடத் தெரியாது. அந்த ஹாரனோட நீளத்துக்கும் வாய்க்கும் 200, 300 ஹெர்ட்ஸுக்கு கீழ ஒண்ணும் பெருசா வராது, 50 ஹெர்ட்ஸ் அதுல காணாமயே போயிடும். இத்தன வருஷமா அது ஒயர்ல ஓடிக்கிட்டு தான் இருந்திருக்கு. இப்ப நீங்க 15 இஞ்ச் ஊஃபரும் 18 இஞ்ச் சப்பும் எறக்கிட்டீங்க, அது 50 ஹெர்ட்ஸ நெஞ்சுல அடிக்கிற மாதிரி குடுக்கும், நல்ல பாக்ஸுன்னா நல்லாவே குடுக்கும்.

கோளாறு எங்கன்னு உங்க கடுதாசியிலயே இருக்கு. மிக்ஸர் வீட்டு லைன்ல, ஆம்ப்ளிபையர் ஜெனரேட்டர்ல. வீட்டுக்கு ஒரு எர்த், ஜெனரேட்டருக்கு தரையில அடிச்ச கம்பி ஒரு எர்த், இல்ல எர்த்தே இல்லாம டயர் மேல நிக்கும். நடுவுல உங்க சிக்னல் ஒயரு 100 அடிக்கு மேல ஓடுது. சிக்னல் ஒயர மிக்ஸர்ல இருந்து உருவிட்டு மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வச்சு மிக்ஸர் பாடிக்கும் அந்த ஒயரோட ஷீல்டுக்கும் வச்சு பாருங்க, எத்தன வோல்ட் காட்டுதோ அத்தனையும் ஒயர சொருகுன ஒடனே ஷீல்டு வழியா ஓடப் பாக்கும். பத்து இருபது வோல்ட்டுக்கு மேல காட்டுனா ஒயர சொருகாதீங்க, கையால தொடாதீங்க, மொதல்ல எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க.

செய்ய வேண்டியது, மிக்ஸருக்கும் ஆம்ப்ளிபையருக்கும் ஒரே எடத்துல இருந்து கரண்ட் எடுங்க. மேடைக்கு பின்னாடி இருக்குற போர்டுல இருந்தே மூணு கோர் ஒயர் ஒண்ண மிக்ஸர் வரைக்கும் இழுங்க, எர்த்தோட சேர்த்து. ஒயர் செலவு ஒரு தடவ தான், அதுக்கப்புறம் ஒவ்வொரு ஊருலயும் நிம்மதி. இது ஒண்ணுலயே பாதி ஊர்ல ஹம்மிங் போயிடும்.

அப்புறம் சிக்னல் ஒயர். மோனோ பின் போட்ட ஒத்த ஷீல்டு ஒயர்ல 100 அடி இழுத்துக்கிட்டு இருந்தீங்கன்னா அத விட்டுருங்க. மிக்ஸர் மெயின் அவுட்ல எக்ஸ்எல்ஆர்னு மைக் ஒயருக்கு இருக்குற மாதிரி மூணு பின் சாக்கெட் இருக்கும், ஆம்ப்ளிபையர் இன்புட்லயும் இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல பேலன்ஸ்டு ஒயர் போடுங்க. அதுல பாட்டு ரெண்டு ஒயர்ல நேராவும் தலைகீழாவும் போகும், ஷீல்டு சும்மா கவசத்துக்கு மட்டும் தான், வழியில ரெண்டு ஒயர்லயும் ஒரே மாதிரி ஏறுன ஹம்மிங்க ஆம்ப்ளிபையர் கழிச்சு தள்ளிடும். அதுக்கு மேலயும் லேசா இருந்துச்சுன்னா அந்த ஒயர்ல ஆம்ப்ளிபையர் பக்கத்து எக்ஸ்எல்ஆர்ல மட்டும் 1ஆம் நம்பர் பின்னுல இருக்குற ஷீல்ட கழட்டி விடலாம், மிக்ஸர் பக்கம் இருக்கணும். அந்த ஒயருக்கு ஒரு செகப்பு டேப் சுத்தி வைங்க, ஏன்னா அத தெரியாம மைக்குக்கு போட்டா கண்டென்சர் மைக் வேலை செய்யாது, அதுக்கு போற 48 வோல்ட் திரும்பி வர்றதே அந்த 1ஆம் பின்னு வழியா தான். இங்க கழட்டுறது சிக்னல் ஷீல்டு, கரண்ட் ஒயர் எர்த் இல்ல, ரெண்டையும் போட்டு கொழப்பிக்காதீங்க. கீபோர்டுக்கு டிஐ பாக்ஸ் (சிக்னல பேலன்ஸ்டா மாத்துற சின்ன பெட்டி) போடுங்க, அதுல கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதுவும் இதே வேலைய தான் பாதுகாப்பா செய்யுது.

ட்ர்ர்ருனு வர்றது வேற கத. சீரியல் செட்ட மின்ன வைக்கிற கன்ட்ரோலர்லயும் டிம்மர்லயும் டிரையாக்னு ஒண்ணு இருக்கு, அது கரண்ட் அலைய ஒவ்வொரு அரை சுத்துலயும் வெட்டி வெட்டி குடுக்கும், செகண்டுக்கு 100 வெட்டு, அந்த வெட்டுல இருந்து கெளம்புற முள்ளு தான் ஸ்பீக்கர்ல கேக்குது. லைட்டுக்கு தனி லைன் எடுக்க சொல்லுங்க. முடியலைன்னா லைட் ஒயரும் சிக்னல் ஒயரும் ஒண்ணா சேர்ந்து ஓடக்கூடாது, குறுக்க போனா சிலுவை மாதிரி தாண்டணும், பந்தக்காலுல ரெண்டையும் ஒண்ணா சேர்த்து சணல் கட்டுறாங்களே, அத பார்த்தாலே எனக்கு கோவம் வரும்.

இன்னொரு விஷயம், இது ஹம்மிங்க விட முக்கியம். முளைப்பாரி ஊர்வலம், பங்குனி பொங்கல்னு போற எடத்துல தர ஈரமா இருக்கும், பாடுறவங்க வெறுங்கால்ல நின்னு மைக்க ஒதட்டுல வச்சு பாடுவாங்க. மைக் பாடி மிக்ஸர் பாடியோட சேர்ந்தது. மிக்ஸருக்கு எர்த் இல்லைன்னா மொத அடி அவங்களுக்கு தான். உங்க போர்டுல 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒண்ணு நிரந்தரமா மாட்டுங்க, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னாடியும் அதுல இருக்குற டெஸ்ட் பட்டன அமுக்கி விழுதான்னு பாருங்க. ஜெனரேட்டர்ல ஓட்டுறப்ப இன்னொண்ணு, ஜெனரேட்டரோட நியூட்ரல் எர்த்தோட சேராம இருந்தா லீக் ஆனாலும் ஆர்சிசிபி விழாது, டெஸ்ட் பட்டன் மட்டும் விழும், நம்பி மோசம் போயிடக்கூடாது, அத ஜெனரேட்டர்காரர் கிட்ட கேட்டு எலக்ட்ரீஷியன வச்சு சரி பண்ணிக்கங்க.

லேப்டாப்ல பாட்டு போட்டு ஆம்ப்ளிபையர்ல கேக்குறேன். சார்ஜர் போட்டா மட்டும் இரைச்சல், கழட்டுனா இல்ல. லேப்டாப் மெட்டல் பாடிய தடவுனா சுர்ருனு இருக்கு. சார்ஜர் போச்சா? (கே.கே.நகர் வாசகி)

சார்ஜர் நல்லா தான் இருக்கும்மா. மூணு பின் சார்ஜர்னா லேப்டாப்புக்கு ஒரு எர்த், ஆம்ப்ளிபையருக்கு ஒரு எர்த், ஸ்டீரியோ பின் ஒயரு ரெண்டையும் சேர்க்குது, மேல சொன்ன லூப்பே தான். ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகி பாருங்க, வட்டம் சின்னதாகும், சத்தம் கொறையும். ரெண்டு பின் சார்ஜர்னா அது லூப் இல்ல, சார்ஜருக்குள்ள லைனுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவுல ஒரு சின்ன கெப்பாசிட்டர் வச்சிருப்பாங்க, ரேடியோ இரைச்சல அடக்குறதுக்கு, அது வழியா ஒரு மில்லிஆம்ப்ல பத்துல ஒரு பங்கு ரெண்டு பங்கு அளவு கரண்ட் கசியும், அந்த சுர்ரு அதுதான், டெஸ்டர் வச்சா கூட எரியும். நல்ல சார்ஜர்ல அதால ஆபத்து இல்ல, ஆனா பேரில்லாத மலிவு சார்ஜரா இருந்தா தூக்கிப் போட்டுருங்க.

சத்தத்துக்கு, ஸ்டீரியோ பின் ரெண்டு பக்கமும் இருக்குற கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னே ஆன்லைன்ல விக்குது, உள்ள ரெண்டு சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கும். ரொம்ப மலிவானதுல டிரான்ஸ்பார்மர் கோர் சின்னதா இருக்கும், பேஸ் கொறஞ்சு போயிடும், கொஞ்சம் கூட காசு போட்டு வாங்குங்க.

ஹம்மிங்க ரெக்கார்ட் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புனேனே சார், கேட்டீங்களா? (விளாங்குடி வாசகர்)

கேட்டேன், ஒண்ணும் கேக்கல. அது உங்க தப்பு இல்ல, போன் வாய்ஸ் ரெக்கார்டிங் அடி சத்தத்த வடிகட்டி விட்டுடும், என் போன் ஸ்பீக்கருக்கும் 50 ஹெர்ட்ஸ் பாடத் தெரியாது. ஸ்பெக்ட்ரம் ஆப் ஒண்ணு எறக்கி போன ஸ்பீக்கர் கிட்ட வச்சு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க. ஒசந்து நிக்கிற கோடு 50ல இருந்தா அது லூப்பு, இல்லைன்னா டிரான்ஸ்பார்மரோட காந்தம். 100ல இருந்தா பெரும்பாலும் பவர் சப்ளை. 100, 200, 300னு வேலி மாதிரி வரிசையா முள்ளு நின்னா டிம்மரோ மட்டமான சார்ஜரோ பக்கத்துல இருக்கு.

எல்லா ஒயரையும் உருவிட்டேன், வால்யூமும் ஜீரோ, அப்பவும் ஹம்மிங் நிக்கல. எங்கப்பா காலத்து செட்டு, நல்ல டிரான்ஸ்பார்மர். (சோழவந்தான்)

அப்ப இது கிரவுண்ட் லூப்பே இல்ல. ஒயரே இல்லாதப்ப லூப்பு எங்க இருந்து வரும். வால்யூம் ஜீரோலயும் அதே சத்தம்னா கோளாறு வால்யூம் கன்ட்ரோலுக்கு பின்னாடி, அதாவது பவர் ஆம்ப் போர்டுலயோ பவர் சப்ளையிலயோ. வால்யூம் கூட்டுனா கூடுதுன்னா முன்னாடி இருக்கு. இந்த ஒரு சோதனைய பண்ணாம யாரும் சால்டரிங் அயர்ன எடுக்காதீங்க.

பழைய செட்டுன்னா மொத சந்தேகம் பவர் சப்ளைய சமன் பண்ற பில்டர் கெப்பாசிட்டர் தான். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உள்ள ஈரம் இருக்கும், நம்ம ஊரு வெயில்ல அலமாரி மேல வச்சு பல வருஷம் ஓட்டுனா காஞ்சு போகும். மேல் மூடி உப்பியிருக்கா, அடியில பசை மாதிரி கசிஞ்சிருக்கான்னு பாருங்க, உப்பாமலயும் காஞ்சு போகும். அதே வோல்ட்டோ அதுக்கு மேலயோ, அதே மைக்ரோஃபாரட்டோ கொஞ்சம் கூடவோ, 105 டிகிரி சூடு தாங்கும்னு போட்டத வாங்குங்க. கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு கால்லயும் 1 கே (1000 ஓம்) 5 வாட் ரெசிஸ்டர ஒரு நிமிஷம் வச்சு சார்ஜ எறக்குங்க, அப்புறம் மீட்டர்ல பாருங்க. 63 வோல்ட் 10000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் பிளக்க உருவுனதுக்கு அப்புறமும் நெறய நேரம் சார்ஜ் வச்சிருக்கும், ஸ்க்ரூ டிரைவர வச்சு பட்டுனு பொறி பறக்க விடுறது வேணாம்.

கெப்பாசிட்டர் மாத்தியும் நிக்கலைன்னா உள்ள கிரவுண்ட் ஒயர் போயிருக்குற பாதைய பாருங்க. டிரான்ஸ்பார்மர் சென்டர் டேப்புல (நடு ஒயர்ல) இருந்து கெப்பாசிட்டருக்கு போற ஒயர்ல ஒவ்வொரு சார்ஜுக்கும் பெரிய கரண்ட் துடிப்பா ஓடும், அந்த ஒயர்ல எங்கயாச்சும் இன்புட் கிரவுண்ட சேர்த்திருந்தா முடிஞ்சது. கெப்பாசிட்டர தாண்டி ஒரு புள்ளி வச்சு, ஸ்பீக்கர் மைனஸ், போர்டு கிரவுண்ட், இன்புட் கிரவுண்ட், சேசிஸ் எல்லாம் அந்த ஒரு புள்ளிக்கு தனித்தனி ஒயரா வரணும். அப்பா காலத்து செட்ட விட்டுறாதீங்க, நல்ல டிரான்ஸ்பார்மர் கெடைக்கிறது செரமம்.

அசெம்பிள் ஆம்ப்ல ப்ளூடூத் யூஎஸ்பி கிட் போட்டேன். கிய்ய்ய்னு ஒரு சத்தம், பாட்டு மாத்துறப்ப டிக்டிக்னு கேக்குது. ஆக்ஸ்ல சொருகுனா சுத்தமா இருக்கு. (அவனியாபுரம்)

பெட்டிக்குள்ளயே இருக்குற குட்டி லூப்பு. கிட்டுக்கு 5 வோல்ட் போற மைனஸும் ஆடியோ கிரவுண்டும் ரெண்டு பாதையில ஆம்ப் கிரவுண்ட தொடுது. பி0505எஸ்னு ஒரு சின்ன நாலு கால் மாட்யூல் கெடைக்கும், 5 வோல்ட் வாங்கி தனியா பிரிச்ச 5 வோல்ட் குடுக்கும், 1 வாட் வரைக்கும் தாங்கும், அதாவது 200 மில்லிஆம்ப். கிட்டுக்கு அது வழியா சப்ளை குடுங்க, ஆடியோ ஷீல்டு மட்டும் ஒரே பாதையா இருக்கட்டும், சத்தம் போயிடும். அந்த யூஎஸ்பி ஓட்டையில போன் சார்ஜ் போடாதீங்க, தாங்காது.

ஹம்மிங் போகணும்னா ஆம்ப்ளிபையருக்கு தனியா எர்த் குழி தோண்டி செம்பு தகடு போட சொல்றாங்க. செலவு பண்ணலாமா? (மேலூர் வாசகர்)

பண்ணாதீங்க. மேல இருந்து படிச்சுட்டு வந்திருந்தீங்கன்னா உங்களுக்கே வெளங்கியிருக்கும், ஹம்மிங் வர்றதே எர்த்து ரெண்டா இருக்குறதால, நீங்க மூணாவதா ஒண்ணு தோண்டப் போறீங்க. ஹம்மிங் கூடத்தான் செய்யும். அது போக இடி எறங்குற நேரத்துல ரெண்டு குழிக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம், அது உங்க ஆம்ப்ளிபையர் வழியா பாயும். ஒரு வீட்டுக்கு எத்தன குழி இருந்தாலும் எல்லாத்தையும் தடிச்ச ஒயர்ல ஒண்ணா சேர்த்துறணும்.

இருக்குற குழிய நல்லா வச்சுக்கங்க, அது உயிருக்கு. மேலூர் பக்கம் பாற மண்ணு, சித்திரை வைகாசியில தர காஞ்சு போனா எர்த் ரெசிஸ்டன்ஸ் ஏறிடும், குழியில தண்ணி ஊத்துறதுக்குன்னு குழாய் வச்சிருப்பாங்க பாருங்க, வெயில் காலத்துல அப்பப்ப ரெண்டு கொடம் ஊத்துங்க. மேல இருக்குற கிளாம்ப்பும் நட்டும் துருப்புடிச்சு ஒயர் விட்டுப் போயிருக்கும், அத யாரும் பாக்குறதே இல்ல. கரண்ட் பில் கட்டப் போற நேரத்துல தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் யாரையாவது எர்த் டெஸ்டரோட வரச் சொல்லி அளந்து பார்த்து, எத்தன ஓம் காட்டுச்சுன்னு எனக்கு எழுதுங்க.